அறைச் சுவரில் ஒட்டிய கியூஆர் அட்டையும் நான் மாற்றிய ரூட்டும்

ஏப்ரல் கடைசி. காலை ஏழு மணிக்கு உப்புவெளியிலிருந்து அண்ணனின் அழைப்பு. "தம்பி, அறையில ஒட்டியிருக்கிற கார்ட் ஒண்டும் வேலை செய்யுதில்ல. ஸ்கேன் பண்ணினா பக்கம் இல்லையாம். ஒருக்கா பாருங்க."

அண்ணன் என்றால் கூடப்பிறந்தவர் அல்ல. திருகோணமலை உப்புவெளிக் கடற்கரைக்குப் பக்கத்தில் எட்டு அறைகளோடு ஒரு கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிறவர். அவருக்கு முன்பதிவுத் தளம் செய்து கொடுத்தது நான். ஒவ்வொரு அறையிலும் கதவுக்கு அருகே லமினேட் செய்த ஒரு கியூஆர் அட்டை இருக்கும். ஸ்கேன் செய்தால் அந்த அறைக்கான பக்கம் திறக்கும். காலைச் சாப்பாட்டுக்குச் சொல்லி வைக்கலாம், நிலாவெளியிலிருந்து புறாமலைத் தீவுக்குப் போகும் படகில் இடம் பிடிக்கலாம், கன்னியா வெந்நீரூற்றுக்கோ கோணேசர் கோயிலுக்கோ ஓட்டோ கேட்கலாம்.

நடந்தது இதுதான். திருகோணமலையில் மாரி காலத்தில் வெளிநாட்டு ஆட்கள் குறைவு. வாடைக்காற்றும் மழையுமாகக் கடல் கொந்தளிக்கும், புறாமலைப் படகுகள் கரையில் ஏறிவிடும். கெஸ்ட் ஹவுஸ்காரர்கள் அந்த மாதங்களில்தான் பெயின்ட் அடிப்பார்கள். நானும் அந்தச் சமயம் பார்த்துத் தளத்தைத் துப்புரவாக்கினேன். முதல் வருடம் அவசரத்தில் எழுதிய பக்க முகவரிகள் (யூஆர்எல்) அசிங்கமாக இருந்தன: '/காட்டு?வகை=அறை&ஐடி=3' என்ற மாதிரி. (கோடில் எல்லாம் ஆங்கில எழுத்தில்தான் இருக்கிறது. வாசிக்க வசதியாக இங்கே தமிழில் எழுதுகிறேன்.) அதை '/அறைகள்/3' என்று மாற்றினேன். டெஸ்ட் எல்லாம் பாஸ். பழைய ரூட்டை, அதாவது எந்த முகவரிக்கு எந்தப் பக்கம் என்று சொல்லும் கோட் வரியை, அழித்தேன். கோட் அழகாகிவிட்ட சந்தோஷத்தில் அன்றிரவு நன்றாகத் தூங்கினேன். அறைச் சுவரில் அட்டைகள் ஒட்டியிருக்கின்றன என்பது நினைவிலேயே இல்லை. சீசனுக்கு வந்த முதல் ஆட்கள் போனை நீட்டியபோதுதான் அது தெரிய வந்தது.

உடனடியாகச் செய்தது சின்ன வேலைதான். '/காட்டு' என்ற பழைய ரூட்டைத் திரும்ப உயிர்ப்பித்து, வருகிற வகையையும் ஐடியையும் பார்த்து, புதிய முகவரிக்கு ரீடைரக்ட் செய்தேன், அதாவது திருப்பிவிட்டேன். பத்து வரிக்குள் முடிந்தது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். தளம் கட்ட நான் பயன்படுத்துவது ஃபிளாஸ்க் என்ற பைத்தான் மொழி ஃபிரேம்வொர்க். அதில் ரீடைரக்ட் என்று வெறுமனே எழுதினால் உலாவிக்கு 302 என்ற பதில் எண் போகும், அதாவது தற்காலிக மாற்றம். நிரந்தர மாற்றத்துக்கு 301 என்று நாமே சொல்ல வேண்டும். ஆனால் 301ஐ உலாவிகள் ஞாபகம் வைத்துக்கொள்ளும். பிழையான இடத்துக்கு 301 கொடுத்துவிட்டால் பிறகு நாம் திருத்தினாலும் அந்த போன் பழைய பிழையையே பிடித்துக்கொண்டிருக்கும். அதனால் முதலில் 302 கொடுத்து எட்டு அறைகளையும் ஸ்கேன் செய்து பார்த்தேன். எல்லாம் சரியான பிறகுதான் 301 ஆக்கினேன்.

அன்றைக்குப் பிறகு ரூட் எழுத உட்காரும்போது நான் முதலில் கேட்பது, இந்த முகவரி யார் கையில் இருக்கப் போகிறது என்பது. நிர்வாகப் பக்கத்துக்குள் நான் மட்டும் அழுத்தும் லிங்க் என்றால் நாளைக்கே மாற்றலாம். அட்டையில் அச்சடித்தது, வாட்ஸ்அப்பில் அனுப்பியது, ஒரு பயணி தன் குறிப்பில் எழுதி வைத்தது என்றால் அது என் கையை விட்டுப் போய்விட்டது. அதை மாற்றுகிற உரிமை எனக்கு இல்லை, இன்னொரு முகவரியைப் பக்கத்தில் திறந்து வைக்கிற உரிமைதான் இருக்கிறது.

அப்புறம், எதைப் பாத்தில் (முகவரியில் கேள்விக்குறிக்கு முந்தைய பகுதி) வைப்பது, எதைக் கேள்விக்குறிக்குப் பிறகு வரும் குவெரியில் வைப்பது என்ற குழப்பம். இதில் நான் நிறைய நேரம் வீணாக்கியிருக்கிறேன். இப்போது ஒரே ஒரு சோதனைதான். அந்தத் துண்டை எடுத்துவிட்டால் பக்கத்துக்கு இன்னும் அர்த்தம் இருக்கிறதா? '/அறைகள்/3?வருகை=2024-08-05&இரவுகள்=2' என்பதில் வருகைத் தேதியை எடுத்தாலும் அது மூன்றாம் அறையின் பக்கம்தான், விலை மட்டும் தெரியாது. அதனால் தேதி குவெரியில். மூன்றை எடுத்துவிட்டால் எந்த அறை என்றே தெரியாது. அதனால் மூன்று பாத்தில். வரிசைப்படுத்துவது, வடிகட்டுவது, பக்க எண், தேடுசொல் எல்லாம் குவெரிக்குப் போய்விடும். எந்தப் பொருள் என்று சுட்டுவது மட்டும் பாத்தில் நிற்கும்.

முதல் வடிவத்தில் தேதியையும் பாத்தில் வைத்திருந்தேன், அதுவும் 05/08/2024 என்று. சாய்கோடு வந்தாலே ஃபிரேம்வொர்க்குக்கு அது அடுத்த துண்டு. அது போதாதென்று, ஆகஸ்ட் ஐந்தா, மே எட்டா என்ற சண்டை வேறு. நமக்கு அது ஆகஸ்ட் 5. அமெரிக்காவிலிருந்து வருகிறவருக்கு அது மே 8. வருடம், மாதம், நாள் என்று பெரியதிலிருந்து சிறியதுக்குக் கோடு போட்டு எழுதினால் யாருக்கும் சந்தேகம் வராது, வரிசைப்படுத்தினாலும் சரியாக வரும்.

வகை சொல்லி வைப்பது அடுத்த விஷயம். ஆரம்பத்தில் என் ரூட் '/அறைகள்/<எண்>' என்று மட்டும் இருந்தது. அப்படி எழுதினால் ஃபிளாஸ்க் அதை எழுத்துச் சரமாகத்தான் தரும். சாய்கோடு இல்லாத எதுவும் உள்ளே வரும். நான் ஃபங்ஷனுக்குள் அதை இன்ட் ஆக, அதாவது முழு எண்ணாக, மாற்றிக்கொண்டிருந்தேன். இணையத்தில் திறந்து வைத்த எந்தத் தளத்தையும் பாட்கள் எனப்படும் தானியங்கி நிரல்கள் வந்து தட்டிப் பார்க்கும். எண் இருக்க வேண்டிய இடத்தில் கண்ட கண்ட சொல்லும் வரும். ஒவ்வொன்றுக்கும் என் சேர்வர் 500 (உள்ளே பிழை) என்று அலறியது, எனக்கு எச்சரிக்கை மின்னஞ்சல் குவிந்தது. '/அறைகள்/<இன்ட்:எண்>' என்று ஒரு சொல் சேர்த்தேன். இப்போது எண் இல்லாதது கதவிலேயே நின்று 404 (பக்கம் இல்லை) வாங்கிக்கொண்டு போய்விடும், என் ஃபங்ஷன் ஓடவே ஓடாது. ரூட்டில் இப்படி வகையைப் பார்க்கும் சொல்லுக்குக் கன்வெர்ட்டர் என்று பெயர். இன்ட் கன்வெர்ட்டர் மைனஸ் எண்ணையும் தானாக ஏற்காது, அதுவும் நல்லதுதான்.

குவெரியில் வருவதற்கு இந்தக் கதவு இல்லை. அங்கே நாமே பார்க்க வேண்டும். ஃபிளாஸ்க்கில் குவெரியிலிருந்து எடுக்கும்போதே இயல்பு மதிப்பையும் (சரியான மதிப்பு வராதபோது எடுத்துக்கொள்வது) வகையையும் சொல்லலாம். பக்க எண்ணுக்கு இயல்பாக 1, வகை இன்ட் என்று சொல்லிவிட்டால், யாராவது பக்கம்=வாழைப்பழம் என்று அனுப்பினாலும் 1 கிடைக்கும். ஆனால் பக்கம்=-4 என்று அனுப்பினால் அது நல்ல இன்ட், உள்ளே வந்துவிடும். கீழ் எல்லையையும் மேல் எல்லையையும் நாம்தான் கட்ட வேண்டும்.

இந்த இயல்பு மதிப்பு என்பதை எல்லா இடத்திலும் போடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்பேன். பக்க எண்ணுக்குச் சரி. தேதிக்கு நான் அதையே செய்தேன்: தேதி பிழையாக வந்தால் இன்றைய தேதி. ஒருவர் 2024-06-31 என்று கொடுத்திருக்கிறார். ஜூனில் 31 இல்லை. தளம் ஒன்றும் சொல்லாமல் இன்றைக்கான அறைகளைக் காட்டியது, அவரும் கவனிக்காமல் பதிந்துவிட்டார். காசும் நேரமும் சம்பந்தப்பட்ட பராமீட்டர் (முகவரியோடு வரும் மதிப்பு) பிழையாக வந்தால் பிழை என்றே சொல்லுங்கள். 400 (கேட்டது பிழை) கொடுத்து, எந்தத் தேதி புரியவில்லை என்று அந்த ஆளுக்குத் தெரிகிற மொழியில் ஒரு வரி எழுதுங்கள். ஊகித்து உதவி செய்கிறேன் என்று போய் ஒருவரின் பயணத்தைக் கெடுத்துவிடக் கூடாது.

இனி எனக்கு மிகவும் பிடித்த, மிகவும் சிரமப்படுத்திய விஷயத்துக்கு வருகிறேன்: தமிழில் முகவரி.

இடங்களுக்கு ஆளுக்கொரு பக்கம் வைத்தபோது, முகவரியும் தமிழிலேயே இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். '/இடங்கள்/கோணேசர்-கோயில்'. உலாவியின் முகவரிப் பட்டையில் அதைப் பார்க்கிறபோது வருகிற மகிழ்ச்சியை இன்றைக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் கம்பியில் போவது அந்தத் தமிழ் இல்லை. யூனிகோடில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் யூடிஎஃப்-8 முறையில் 3 பைட். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு எழுத்தும் ஆகிறது. ஆக ஒரு குறிக்கு 9 எழுத்து. 'கோணேசர்-கோயில்' என்பதில் தமிழ்க் குறிகள் 13, நடுவில் ஒரு கோடு. மொத்தம் 118 எழுத்து, கோயில் பெயருக்கு மட்டும்!

இதை கியூஆர் அட்டையாக்கியபோதுதான் விளைவு தெரிந்தது. எழுத்து கூடக் கூட கியூஆரில் கட்டங்கள் கூடும். அதே அளவு அட்டையில் கட்டங்கள் கூடினால் ஒவ்வொன்றும் பொடியாகும். நகரில் பிரின்ட் எடுத்து வந்து, அறையில் மாலை வெளிச்சத்தில் அண்ணனின் பழைய போனை வைத்துப் பார்த்தேன். லமினேஷன் பளபளப்பு வேறு. போன் திணறியது. அறை எண் மட்டும் உள்ள அட்டை சட்டென்று பிடித்தது. அதனால் அச்சுக்குப் போகிற முகவரி எல்லாம் இப்போது மிகச் சுருக்கம், '/இ/7' என்ற அளவுக்கு. அது உள்ளே போய் நீளமான தமிழ் முகவரிக்கு அனுப்பிவிடும். அட்டைக்கு ஒன்று, கண்ணுக்கு ஒன்று.

அடுத்த சிக்கல் இன்னும் நுணுக்கம். ஒரு நாள் 'கோணேசர்-கோயில்' பக்கம் 404. டேட்டாபேஸில் பெயர் இருக்கிறது. முகவரியில் அதே பெயர் இருக்கிறது. இரண்டையும் திரையில் மேலும் கீழும் வைத்து எழுத்தெழுத்தாகப் பார்த்தேன், ஒரு வித்தியாசமும் இல்லை. இரவு ஒரு மணிக்குத்தான் நீளத்தை அச்சிட்டுப் பார்க்கத் தோன்றியது. ஒன்றில் 14, மற்றதில் 16.

காரணம் அந்த 'கோ'. யூனிகோடில் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பும் ஆகாரக் காலுமாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றேதான். கணினிக்கு வேறு வேறு. அண்ணனின் மகன் பழைய துண்டுப் பிரசுரத்திலிருந்து பெயர்களை எடுத்திருக்கிறான். அது யூனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில் இருந்தது. அதை ஏதோ ஒரு மாற்றியில் போட்டு யூனிகோட் ஆக்கியபோது கொம்பும் காலும் தனித்தனியாக வந்துவிட்டன. கோணேசரில் ஒரு கோ, கோயிலில் ஒரு கோ, அதுதான் அந்த இரண்டு கூடுதல். ஒகரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே கதைதான்.

தீர்வு ஒரே வரி. பைத்தானில் யூனிகோட்டேட்டா என்ற மாட்யூலில் நார்மலைஸ் இருக்கிறது. அதில் என்எஃப்சி வடிவத்தைக் கேட்டால் பிரிந்து கிடக்கும் குறிகளை ஒன்றாக்கிவிடும். இதை இரண்டு இடத்தில் போட வேண்டும். பெயரைச் சேமிக்கும்போது ஒரு முறை, முகவரியிலிருந்து எடுத்துத் தேடும்போது ஒரு முறை. ஒன்றில் மட்டும் போட்டால் பாதிக் கிணறு தாண்டிய கதை. நான் இதை ஒரு தனி கன்வெர்ட்டராக எழுதி வைத்தேன். ரூட்டில் '<தமிழ்:பெயர்>' என்று போட்டால் ஃபங்ஷனுக்கு வரும்போதே சுத்தமாகி வந்துவிடும். முகவரி கட்டும்போதும் அதே கன்வெர்ட்டர் அந்தப் பக்கம் சுத்தம் செய்து அனுப்பும். ஒருவர் தமிழில் முகவரி வைக்கப் போகிறார் என்றால் என்னிடமிருந்து இந்த ஒன்றையாவது எடுத்துக்கொள்ளட்டும்.

இன்னொன்று, பெயரை மட்டும் நம்பி இருக்கவும் கூடாது. திருகோணமலை என்று ஒருவர் எழுதுவார், திருக்கோணமலை என்று க் போட்டு இன்னொருவர் எழுதுவார், பேச்சில் திருமலை. மூன்றும் சரிதான், ஊருக்கு மூன்று பெயரும் உண்டு. முகவரிக்கு மூன்று இருந்தால்தான் தொல்லை. அதனால் இப்போது '/இடங்கள்/7-கோணேசர்-கோயில்' என்று எண்ணை முன்னே வைத்துவிட்டேன். சேர்வர் 7ஐ மட்டும்தான் பார்க்கும். பெயர் மாறியிருந்தால் சரியான முகவரிக்கு ரீடைரக்ட் செய்யும். பெயர் மனிதருக்கு, எண் டேட்டாபேஸுக்கு.

முகவரியைக் கையால் ஒட்டிக் கட்டுவது பற்றி. சரங்களைக் கூட்டல் குறி போட்டு ஒட்டி '/பதிவுகள்?போன்=' என்று எழுதி அதன் பின்னால் எண்ணைச் சேர்த்திருந்தேன். நம் நாட்டு எண் +94 என்று தொடங்கும். குவெரியில் கூட்டல் குறி என்றால் இடைவெளி என்று அர்த்தம், படிவங்கள் அனுப்பும் பழைய வழக்கம் அது. ஆக +94 போய் இடைவெளி 94 ஆக வந்து இறங்கியது. வெளிநாட்டு எண்ணோ உள்நாட்டு எண்ணோ, கூட்டல் குறியோடு கொடுத்த யாருடைய பதிவும் தேடினால் கிடைக்கவில்லை. 0 போட்டுக் கொடுத்தவர்களுடையது மட்டும் கிடைத்தது. அதனால்தான் பல நாள் யாருக்கும் பிடிபடவில்லை.

ஃபிளாஸ்க்கில் யூஆர்எல்-ஃபார் இருக்கிறது. ரூட்டின் பெயரையும் பராமீட்டர்களையும் கொடுத்தால் போதும். பாத்தில் இடம் உள்ளதைப் பாத்தில் வைக்கும், மிச்சத்தைக் குவெரியில் சேர்க்கும், கூட்டல் குறியையும் '&' குறியையும் பத்திரமாகப் பொதிந்து அனுப்பும். ஜாங்கோவில் அதற்கு ரிவர்ஸ், லாராவெலில் ரூட் ஹெல்பர். எந்த ஃபிரேம்வொர்க் என்றாலும் ஏதோ ஒன்று இருக்கும். டெம்ப்ளேட்டில் ஒரு லிங்க்கைக்கூட கையால் எழுதாதீர்கள். என் தளத்தில் முகவரியை மாற்றியபோது அறைப் பக்க லிங்க்குகள் உடையாமல் இருந்ததற்கு அதுதான் காரணம். உடைந்தது வெளியே அச்சில் இருந்தது மட்டும்.

போன் எண்ணை முகவரியில் வைத்ததே தவறு என்பதும் அப்போதுதான் உறைத்தது. முகவரி சேர்வர் லாகில் (யார் எதைக் கேட்டார்கள் என்ற பதிவேடு) விழும், உலாவியின் ஹிஸ்டரியில் விழும். ஒருவருடைய எண் அங்கெல்லாம் கிடக்க வேண்டிய தேவை இல்லை. தேடல் படிவத்தை, விபரத்தை முகவரியில் வைக்காமல் தனியாக அனுப்பும் போஸ்ட் முறைக்கு மாற்றிவிட்டேன்.

போஸ்ட் என்றதும் ஞாபகம் வருகிறது, இதைச் சொல்லாமல் போக முடியாது. பதிவை ரத்துச் செய்ய '/ரத்து/412' என்று ஒரு லிங்க் வைத்திருந்தேன். திறந்தால் ரத்து, அவ்வளவுதான். வாடிக்கையாளர் ஒரு தட்டில் முடிக்கட்டும் என்ற எண்ணம். ஒரு நாள் அண்ணன் ஒரு குடும்பத்துக்கு, "தேவைப்பட்டால் இதில் ரத்துச் செய்யலாம்" என்று அந்த லிங்க்கை வாட்ஸ்அப்பில் ஒட்டி அனுப்பியிருக்கிறார். இரண்டு நாள் கழித்து கொழும்பிலிருந்து இரவு ரயிலில் வந்து அதிகாலையில் பிள்ளைகளோடு இறங்கியவர்களுக்கு அறை இல்லை. பதிவு ரத்தாகியிருந்தது. அவர்கள் ரத்துச் செய்யவில்லை, அண்ணனும் செய்யவில்லை.

லாகைத் திறந்தேன். அண்ணன் செய்தி அனுப்பிய அதே நிமிடத்தில் '/ரத்து/412' க்கு ஒரு கெட் ரிக்வெஸ்ட். கேட்டது யார் என்ற இடத்தில் வாட்ஸ்அப் என்று இருந்தது. லிங்க்கை ஒட்டியவுடன் சின்னப் படமும் தலைப்பும் காட்டுகிறதே, அதற்காக வாட்ஸ்அப் அந்தப் பக்கத்தைப் போய்த் திறந்து பார்த்திருக்கிறது. அது செய்தது முறையான வேலை. கெட் என்றால் பார்ப்பது மட்டும், எதையும் மாற்றாது என்பது வலையின் அடிப்படை ஒப்பந்தம். மீறியது என் ரூட். மின்னஞ்சல் லிங்க்குகளைப் பாதுகாப்புக்காக முன்கூட்டியே திறந்து பார்க்கும் மென்பொருள்களும் இதையே செய்யும்.

அந்தக் குடும்பத்துக்கு அண்ணன் தன் வீட்டு முன்னறையைத் திறந்துவிட்டார். பிள்ளைகள் சாப்பிட்டுத் தூங்கினார்கள். எனக்கு அன்று முழுக்க மனசு சரியில்லை. இப்போது அந்த லிங்க் ஒரு பக்கத்தைக் காட்டும், பதிவின் விபரமும் ஒரு பொத்தானும் இருக்கும், பொத்தானை அழுத்தினால் போஸ்ட் போகும். அதில் மட்டும்தான் ரத்து.

அதே நாளில்தான் 412ஐ 413 ஆக்கிப் பார்த்தேன். அடுத்த ஆளின் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் திறந்தன. என் சொந்தத் தளம். கை நடுங்கியது. இன்ட் என்று வகை சொன்னால் அது எண்தானா என்று பார்க்கும், அது உங்களுடைய எண்ணா என்று பார்க்காது. வாடிக்கையாளருக்குப் போகிற பதிவு முகவரிகளில் வரிசை எண்ணை எடுத்துவிட்டு, பைத்தானின் சீக்ரெட்ஸ் நூலகம் தருகிற, யாரும் ஊகிக்க முடியாத நீளமான எழுத்துக் கோவையை (டோக்கன்) வைத்தேன். பாஸ்போர்ட் எண்ணை அந்தப் பக்கத்திலிருந்தே எடுத்தேன். உள்நுழைந்து பார்க்கும் நிர்வாகப் பக்கங்களில், இந்தப் பதிவு இந்தக் கெஸ்ட் ஹவுஸுக்கு உரியதா என்று ஒவ்வொரு ரூட்டிலும் கேட்கிறேன். வேறொருவருடையது என்றால் 403 (அனுமதி இல்லை) கூட இல்லை, 404. அப்படி ஒன்று இருக்கிறது என்பதே தெரிய வேண்டியதில்லை.

மற்றவை சின்னச் சின்ன விஷயங்கள். மொழி: தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் வேண்டும். அதைக் குவெரியில் வைத்தால் ஒவ்வொரு லிங்க்கிலும் தொலைந்துபோகும். முகவரியின் முதல் துண்டாக வைத்து, அந்த மூன்றைத் தவிர வேறெதுவும் வரக்கூடாது என்று 'எனி' கன்வெர்ட்டரால் கட்டிவிட்டேன். கடைசிச் சாய்கோடு: ஃபிளாஸ்க்கில் ரூட்டை '/அறைகள்/' என்று சாய்கோட்டோடு எழுதினால், அது இல்லாமல் வருகிறவரைச் சரியான இடத்துக்குத் திருப்பிவிடும். சாய்கோடு இல்லாமல் எழுதினால், சாய்கோட்டோடு வருகிறவருக்கு 404. பட்டியல் பக்கங்களுக்குச் சாய்கோடு, தனிப் பக்கங்களுக்கு இல்லை என்று ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். வரிசை: '/படகுகள்/புதிது' என்பதையும் '/படகுகள்/<பெயர்>' என்பதையும் எந்த வரிசையில் எழுதினாலும் ஃபிளாஸ்க் நிலையான சொல்லுக்கே முன்னுரிமை கொடுக்கும். எக்ஸ்பிரஸிலும் ஜாங்கோவிலும் முதலில் பொருந்துவதுதான் வெல்லும், அங்கே 'புதிது' மேலே இருக்க வேண்டும். ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாறுகிறவர்கள் இதில் சறுக்குவதைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது டெஸ்டில் புதிதாக ஒரு கோப்பு இருக்கிறது. வெளியே போன முகவரிகள் எல்லாம் அதில் வரிசையாக எழுதப்பட்டிருக்கும்: அட்டையில் அச்சடித்தவை, பதாகையில் போட்டவை, ஓட்டோக்காரர்களுக்குக் கொடுத்தவை. ஒவ்வொன்றும் திறக்கிறதா, அல்லது திறக்கும் இடத்துக்குக் கொண்டுபோய் விடுகிறதா என்று ஒவ்வொரு முறையும் சோதிக்கும். பிரின்ட் கடைக்கு எதையாவது அனுப்புவதற்கு முன் அந்தக் கோப்பில் ஒரு வரி சேர்ப்பேன்.

அண்ணன் புதிய அட்டைகள் அடித்துவிட்டார். ஆறாம் அறையில் மட்டும் பழையது இருக்கிறது, பெயின்டோடு சேர்ந்து ஒட்டிக்கொண்டதால் கழற்ற வரவில்லையாம். போன கிழமை லாகைப் பார்த்தேன். '/காட்டு?வகை=அறை&ஐடி=6', 301, அதற்குப் பின்னாலேயே '/அறைகள்/6', 200, சரியாகத் திறந்திருக்கிறது. யாரோ காலைச் சாப்பாட்டுக்கு இடியப்பம் சொல்லியிருந்தார்கள்.